ஐந்து சவரன் வரை

மஞ்சக்குப்பம் மைதானத்தில் அதை அறிவித்த இரவு
பரோட்டாக் கடையில் நின்றிருந்தேன்.
ஒலிபெருக்கி கெடிலம் பாலம் வரைக்கும் கேட்டது:
ஐந்து சவரன் வரை அடகு நகைக்கு
அசலும் தள்ளுபடி, வட்டியும் தள்ளுபடி.
மாவு வீசுகிறவன்கூட ஒரு நிமிஷம் நிறுத்திக்
கைதட்டினான்.
நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளன்.
இருபத்தாறு வருஷமாக ஓர் உரைகல், ஒரு சொட்டு அமிலம்.
பித்தளை பொய் சொன்னால்
பச்சையாய்ப் பொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.
மேடைக்கு அப்படி ஒரு சொட்டு
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான்
தையல்நாயகி வந்திருந்தாள், நாணமேட்டிலிருந்து.
சினைமாட்டை விற்ற பணம்,
ரப்பர் பேண்ட் போட்டு, தொழுவ வாடை போகாமல்.
அசல், வட்டி, முப்பத்தேழு ரூபாய் சில்லறை.
நாலரை சவரன் சங்கிலி.
பையின் அரக்கை நான்தான் உடைத்தேன்.
கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி கேட்டாள்.
சங்கத்தில் ஏது கண்ணாடி?
கேஷியர் கூண்டின் தடுப்பில் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அறிவிப்புக்கு மறுநாள் திரும்பவும் வந்தாள்.
சண்டைக்கு பயந்து செயலாளர் உள்ளே போய்விட்டார்.
அவள் கத்தவில்லை.
"நான் கட்டினது தப்பா சார்?"
அவ்வளவுதான் கேட்டாள்.
எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் இல்லை.

அவள் தெருவில்தான் ராஜவேலு.
பன்னிரண்டு சவரனை மூன்றாய்ப் பிரித்து,
மனைவி பேரில், மச்சினி பேரில், மாமியார் பேரில்
மூன்று சங்கத்தில் வைத்தவன்.
ஆறு வருஷம் வட்டி என்று ஒரு பைசா தெரியாது.
சான்றிதழ் வாங்கும்போது போட்டோ எடுத்தார்கள்.
நன்றாகத்தான் விழுந்திருந்தான்.

என்னைக் கல்நெஞ்சன் என்பார்கள், என்னட்டும்.
புயலில் முந்திரித்தோப்பு வேரோடு படுத்தவனுக்குத் தள்ளுங்கள்,
முதல் கைதட்டு என்னுடையது.
ஆனால் தள்ளின கடன் எங்கே போய் விழுகிறது?
தேவனாம்பட்டினத்துக் கடலிலா?
தையல்நாயகி வாங்கும் சோப்பில் விழுகிறது,
பஸ் டிக்கெட்டில்,
இன்னும் பிறக்காத பேத்தியின் தலையில்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
கூத்தப்பாக்கத்தில் எண்ணூறு சதுரடி, பதினெட்டு வருஷத் தவணை.
பத்திரம் கைக்கு வந்த அன்று
அந்துருண்டை வாசத்தோடு அதை நடுவீட்டில் வைத்து
மனைவி கேசரி கிண்டினாள்.
அதே மாதம், கட்டாதவர்களுக்கு அபராத வட்டி ரத்து.
கேசரி பாதியில் இனிக்கவில்லை.

கடன் சீட்டில் போடும் கையெழுத்து ஒரு வாக்கு.
விரலில் மை வைத்துப் போடுவதும் வாக்கு.
முதலாவதை மீறச் சொல்லித்தான்
இரண்டாவதைக் கேட்க வருகிறார்கள்.
எல்லாக் கொடியும்தான். நிறம் பார்த்து நான் பேசவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
தேர்தல் வருஷங்களில் அடகு வரிசை வாசலைத் தாண்டும்.
நகைக்கு இவ்வளவு என்று எனக்குக் கமிஷன்.
என் கடைசி நாலு தவணை
அந்தப் பணத்தில்தான் அடைந்தது.

இந்த மாசி.
தேதிகூட இன்னும் அறிவிக்கவில்லை.
வரிசையில் பதினோராவது ஆள் தையல்நாயகி.
அதே சங்கிலி.
முப்பத்தாறு கிராமில் நூற்றிருபது மில்லி தேய்மானம்,
கழுத்தில் கிடந்தே தேய்ந்தது.
"என்ன அவசரம்?" என்றேன்.
"ஒண்ணுமில்ல சார். எல்லாரும் வெக்கிறாங்க."
கொஞ்சம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி,
"இந்தத் தடவை எத்தனை சவரன் வரைக்கும்?"

உரசினேன். கோடு அப்படியே நின்றது.
சீட்டை நீட்டினேன்.
பேனாவை உதறி,
தன் பெயரின் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி,
புள்ளிகூட விடாமல்,
கையெழுத்துப் போட்டாள்.